பூட்டனின் ஊரைத் தேட எது நல்ல வழி: காப்பகமா, எச்சில் குப்பியா, அத்தையின் தகரப் பெட்டியா?

கடந்த இரண்டு ஆண்டுகளில் எங்கள் குடும்பத்தின் பூர்வீகத்தை மூன்று பேர் மூன்று வழிகளில் தேடினோம். என் தங்கை மகள் மரபணுச் சோதனைக்குப் பணம் கட்டி, குப்பியில் எச்சிலைத் துப்பி அனுப்பினாள். பணி ஓய்வு பெற்ற கையோடு நான் பாரிட் புந்தாரில் ரயிலேறி, கோலாலம்பூரில் உள்ள அர்கிப் நெகாரா எனப்படும் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். 88 வயதான என் அத்தையோ நிபோங் திபாலில் தம் கட்டிலுக்கு அடியில் கிடந்த தகரப் பெட்டியைக் காட்டி, 'இதை ஏன் யாரும் கேட்கவில்லை?' என்றார். எது பயன்பட்டது என்று உறவினர்களும் நண்பர்களும் தொடர்ந்து கேட்பதால் இதை எழுதுகிறேன். தகரப் பெட்டிதான் பயன்பட்டது. அது ஏன் பயன்பட்டது, மற்ற இரண்டும் எந்த இடத்தில் நின்றுவிட்டன என்பதையும் சேர்த்துச் சொன்னால், பிற குடும்பத்தார் தங்கள் பணத்தையும் நேரத்தையும் எதில் முதலில் போடலாம் என்று முடிவு செய்துகொள்ள உதவும்.

பூட்டன் என்று நான் குறிப்பிடுவது என் பாட்டனாரின் தகப்பனாரை. அவர் 1880-களில் வெல்லஸ்லி மாகாணத்தின் தென்பகுதிக்கு, அதாவது இன்றைய பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் வட்டாரத்துக்கு, கரும்புத் தோட்டத்துச் சஞ்சிக்கூலியாக, அதாவது ஒப்பந்தக் கூலியாக, வந்தவர் என்பது குடும்பத்தில் வழிவழியாக வந்த செய்தி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின் சுவடு அழியாத காலம் அது. மலாயாவில் ரப்பர் இன்னும் தோட்டப் பயிராகவில்லை. ஊரில் ஏரோட்டியவர் இங்கே வந்து கரும்பு வெட்டினார். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் ஊர் திரும்பாமல், கிரியான் ஆற்றைத் தாண்டிப் பேராக் பக்கம் போய் நெல் நிலம் பிடித்து மறுபடியும் ஏரோட்டினார். அந்த நிலம் எப்படிக் கைவிட்டுப் போனது என்பதற்கு வீட்டில் மூன்று கதைகள் உண்டு. மூன்றிலும் கள்ளுக்கடை வருகிறது. பாட்டனார் மீண்டும் இக்கரைக்கு வந்தார். அதற்குள் கரும்பை அழித்து ரப்பர் வைத்துவிட்ட தோட்டத்தில் பாலெடுக்கப் பால்மரம் வெட்டினார். இவ்வளவு தெரிந்திருந்தும், பூட்டன் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்ற கேள்விக்கு 'தென்னாற்காட்டுப் பக்கம்' என்பதற்கு மேல் யாரிடமும் பதில் இல்லை. அப்பா மட்டும் 'மயிலம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று வழிகளையும் எடைபோட நான் ஒரே ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டேன். ஊரின் பெயரை, தாலுக்காவோடு சேர்த்து, அந்த வழி தருமா தராதா? செலவும் அலைச்சலும் அதற்குப் பிறகுதான். இப்படி ஒன்றையே பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் நம் பெயரிடும் முறை. குடிப்பெயர் உள்ள சமூகத்தார் அந்தப் பெயரைப் பற்றிக்கொண்டே நூற்றாண்டுகளைக் கடந்துவிடுகிறார்கள். நம்மிடையே தகப்பன் பெயர் மகனோடு ஒரு தலைமுறை ஒட்டிக்கொண்டு வந்து, பேரன் காலத்தில் உதிர்ந்துவிடுகிறது. போதாக்குறைக்குப் பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வீட்டில் முனுசாமி மகன் வீராசாமி, வீராசாமி மகன் முனுசாமி, மறுபடியும் முனுசாமி மகன் வீராசாமி என்று சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். நான் முதலில் வரைந்த வம்சப் படத்தில் ஒரே பெயர் கொண்ட பாட்டனையும் பேரனையும் ஓர் ஆளாக்கி, அவருக்கு 19 வயதில் ஒரு மகனும் 71 வயதில் ஒரு மகனும் பிறக்கும்படி செய்திருந்தேன். என் மனைவி பார்த்துச் சொல்லும் வரை எனக்கு அது உறுத்தவில்லை.

இதன்மேல் கிராணிகளின், அதாவது எழுத்தர்களின், எழுத்துக்கூட்டல் வேறு. தமிழில் ஒரே வீராசாமி, ஆங்கிலப் பதிவேடுகளில் விரசாமி, வீராசமி, பீராசாமி என்று எழுதியவரின் காதுக்கு ஏற்ப உருமாறிக் கிடப்பார். ஊர் தெரிந்துவிட்டால், பெயர் எப்படிச் சிதைந்திருந்தாலும் இன்ன வீட்டுப் பிள்ளை என்று அடையாளம் சொல்ல அந்த ஊரில் நான்கு பெரியவர்கள் இருப்பார்கள். ஊர் தெரியாதபோது, தெளிவாக எழுதப்பட்ட பெயர் கிடைத்தாலும் அது நம் ஆளுடையதுதான் என்று நிறுவ வழியில்லை.

வெளிநாட்டு இணையத் தரவுத்தளங்களை விரைவாகக் கடந்துவிடலாம். தேடுபொறியில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் பீஜித் தீவையும் நேட்டாலையும் மொரீஷியசையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பீஜிக்கு 1879 முதல் 1916 வரை போன 60,000-க்கும் மேற்பட்டோருக்கு ஆளுக்கொரு குடியேற்றச் சீட்டு உண்டு. அதில் தகப்பன் பெயர், சாதி, கிராமம், தாலுக்கா, ஜில்லா, உடலில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கும். நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை போன ஏறத்தாழ 1,52,000 பேருக்குக் கப்பல் வாரியாகப் பட்டியல் உண்டு. மலாயாவின் கதை வேறு. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு ஏறத்தாழ ஒரு வாரப் பயணம்தான். சஞ்சிக்கூலிகளோடு கூடவே, ஆள் சேர்க்கும் கங்காணிகள் அழைத்து வந்தவர்களும், சொந்தக் காசில் சீட்டு வாங்கி வந்தவர்களும் போவதும் வருவதுமாக இருந்தார்கள். 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்த பிறகு கங்காணி முறையே ஓங்கி, 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை நீடித்தது. ஆகவே பீஜிக்காரர் வீட்டில் இருந்தபடியே பார்த்துவிடும் கிராமப் பெயரை, நாம் வேறு வாசல் வழியாகத்தான் தேடவேண்டும்.

அந்த வாசல் காப்பகமாக இருக்கும் என்றுதான் நான் நம்பினேன். காப்பகத்தைக் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை; ஆய்வு அறையில் கேட்ட கோப்புகள் வந்தன, உதவினார்கள். தேடிய பொருளின் தன்மைதான் இடையூறாயிற்று. குடியேற்ற அதிகாரிகளும் பின்னாளில் தொழிலாளர் இலாகாவினரும் எழுதிய ஆண்டறிக்கைகளில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் ஓடினார்கள், எத்தனை பேர் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் இறந்தார்கள், நாள்கூலி என்ன என்பதெல்லாம் தோட்டம் வாரியாக இருக்கும். பெயர்கள் இருக்கமாட்டா. கூலிக்காரரின் பெயர் கோப்பில் ஏறவேண்டுமானால் அவர் ஓடிப்போயிருக்க வேண்டும், அடிபட்டிருக்க வேண்டும், அல்லது யாரையாவது அடித்திருக்க வேண்டும். எங்கள் பூட்டன் ஒழுங்காக வேலை செய்து ஒப்பந்தத்தை முடித்தவர் போலும். அந்த நல்லொழுக்கத்தின் பயனாக அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எங்கள் வட்டாரத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்லவேண்டும். நிபோங் திபால் அடங்கிய வெல்லஸ்லி மாகாணம் நீரிணைக் குடியேற்றப் பகுதிகளைச் சேர்ந்தது. அதாவது நேரடியான பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி. தெற்கே உள்ள கிரியான் பகுதியோ பேராக் சுல்தானகம். 1874-ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கைக்குப் பிறகுதான் அங்கே பிரிட்டிஷ் ஆலோசகர் அமர்ந்தார். இன்று பாரிட் புந்தாருக்கும் நிபோங் திபாலுக்கும் இடையே மோட்டார் சைக்கிளில் போய்க் காய்கறி வாங்கி வருகிறோம். அன்றைக்கு அவை இரு வேறு அரசுகள். ஒரே தாய்க்கு மூத்த பிள்ளை இக்கரையிலும் அடுத்த பிள்ளை அக்கரையிலும் பிறந்திருந்தால், இரண்டு பிறப்புகளையும் இரண்டு நிர்வாகங்களின் ஏடுகளில் தேடவேண்டும். இதை உணராமல் நான் பினாங்குப் பக்கத்து ஏடுகளிலேயே மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன்.

தேசியப் பதிவிலாகாவில் பாட்டனாரின் இறப்புப் பதிவுக்கு விண்ணப்பித்தது ஓரளவு உருப்படியான காரியம். 1961-இல் இறந்தார், பதிவு கிடைத்தது. அதில் பிறந்த இடம் 'இந்தியா' என்று இருந்தது. பாட்டனார் இங்கே தோட்டத்து லயத்தில், அதாவது கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்தவர் என்பதில் ஐயமே இல்லை. சாவைப் பதியப்போன உறவுக்காரப் பையன் கேட்டதற்கெல்லாம் தோன்றியதைச் சொல்லியிருக்கிறான். இறப்புப் பதிவு இறந்தவரைப் பற்றி இறந்தவர் சொன்னது அல்லவே. 1948-இல் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒட்டிய அவசரகாலத்தின்போது அடையாள அட்டை கொடுத்த காலத்தில் தோட்டத்துப் பெரியவர்கள் சொன்ன பிறந்த தேதிகளும் இந்த வகையைச் சேர்ந்தவைதான். ஆக, அரசுப் பதிவு ஆளின் இறப்பு ஆண்டையும் தோட்டத்தின் பெயரையும் உறுதி செய்யும், தாலுக்காவைத் தராது. ஜப்பானியர் காலத்துக்கு வந்தால் அதுவும் இல்லை. பாட்டனாரின் தம்பி ஒருவர் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர். அவருக்குப் பிறப்புக் காகிதமும் இல்லை, இறப்புக் காகிதமும் இல்லை. அவர் இருந்தார் என்பதற்கு இன்று ஒரே சான்று அத்தையின் நினைவுதான்.

மரபணுச் சோதனையைப் பற்றி நான் அடக்கத்தோடு பேசவேண்டும். குப்பியில் துப்பியது என் எச்சில் அன்று. தங்கை மகள் காட்டிய முடிவுகளைப் பார்த்தும், அவள் விளக்கக் கேட்டும் அறிந்ததுதான் என் அறிவு. அஞ்சல் செலவோடு ஐந்நூறு ரிங்கிட்டுக்கு மேல் ஆயிற்று. எட்டு வாரம் கழித்து, அவள் தென்னிந்தியத் தமிழ்ப் பெண் என்று வண்ண வரைபடத்தோடு தெரிவித்தார்கள். அத்தை அந்த வரைபடத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, 'இதை நான் சும்மாவே சொல்லியிருப்பேனே' என்றார்.

வரைபடத்தை விட்டுவிட்டு, மரபணு ஒத்துப்போகும் உறவினர் பட்டியலைப் பார்ப்பதே முறை என்பார்கள். கொள்கையளவில் அது சரி. பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளிடையே சராசரியாக 12.5 விழுக்காடு மரபணு பொதுவாக இருக்கும். அவர்களுடைய பிள்ளைகளிடையே 3 விழுக்காட்டுச் சொச்சம். அதற்கடுத்த தலைமுறையில் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. இந்தக் கணக்கை வைத்து எத்தனையாவது தலைமுறையில் கிளை பிரிந்தது என்று ஊகிக்கிறார்கள். நம் வீட்டுத் திருமணங்கள் இந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை. அக்காள் மகளைக் கட்டுவதும், மாமன் மகளையோ அத்தை மகளையோ கட்டுவதும் தலைமுறை தலைமுறையாக நடந்த குடும்பத்தில் ஒரே மூதாதை இரண்டு மூன்று வழிகளில் வந்து சேர்வார். தூரத்து உறவும் பக்கத்து உறவாகத் தெரியும். தங்கை மகளுக்கு வந்த பட்டியலில் 'நெருங்கிய உறவு' என்று காட்டப்பட்ட ஒருவரோடு அவள் மின்னஞ்சலில் பேசிப் பார்த்தாள். அவர் தென்னாப்பிரிக்காவில் இருப்பவர். இரு குடும்பமும் ஐந்து தலைமுறைப் பெயர்களை அடுக்கிப் பார்த்தும் ஒரு முடிச்சும் விழவில்லை. அவரும் தம் பூர்வீக ஊரைத் தேடித்தான் சோதனை செய்திருந்தார்! யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. இப்படிச் சோதனைக்குப் பணம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் நம்மைப்போல் ஊரைத் தொலைத்தவர்கள். ஊரிலேயே இருக்கிற பங்காளி எதற்காகக் குப்பியில் துப்பப் போகிறார்?

இன்னொரு தயக்கமும் உண்டு. மரபணுச் சோதனை நடத்தும் 23அண்ட்மீ நிறுவனம் 2025 மார்ச் மாதம் அமெரிக்காவில் திவால் மனு போட்டபோது, ஏறத்தாழ ஒன்றரைக் கோடி வாடிக்கையாளரின் மரபணுத் தகவல் யார் கைக்குப் போகும் என்ற கேள்வி எழுந்தது. குடும்பத்தில் ஒருவர் கொடுக்கும் எச்சில் அவருடையது மட்டுமன்று. அண்ணன் தம்பி, பெற்ற பிள்ளைகள் எல்லாருடைய தகவலும் அதில் பாதியளவு கலந்திருக்கிறது. ஆனால் தத்துக் கொடுக்கப்பட்டவர்கள், தகப்பன் யாரென்று தெரியாதவர்கள் ஆகியோருக்கு இந்தச் சோதனை தரக்கூடியதை வேறு எதுவும் தராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் கேள்வி வேறு. அதற்கு அது விடை தரவில்லை.

இனி அந்தத் தகரப் பெட்டி. மூடியின் உட்புறத்தில் மகாலட்சுமி படம் ஒட்டி, மேலே பூட்டுப் போடும் நாதாங்கி கழன்று, பாச்சை உருண்டை வாடையோடு இருந்தது. உள்ளே இரண்டு மொய் நோட்டுகள், பத்துப் பன்னிரண்டு கல்யாணப் பத்திரிகைகள், கருமாதிப் பத்திரிகைகள், துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பாட்டனார் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிச் சேர்ந்ததற்கான காகிதங்கள், ஒரு ரப்பர் பட்டையால் கட்டிய கடிதக் கட்டு. ரப்பர் பட்டை உருகிக் காகிதத்தோடு ஒட்டிப்போயிருந்ததால், கட்டைப் பிரிக்கவே ஒரு மாலைப்பொழுது ஆயிற்று.

மொய் நோட்டை நான் அதற்கு முன் ஓர் ஆவணமாக எண்ணியதில்லை. 1954-இல் நடந்த என் பெற்றோரின் கல்யாண நோட்டு அது; நீளவாக்கில் கோடு போட்ட கணக்குப் புத்தகம்; முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கறை. ஒவ்வொரு வரியிலும் முதலில் இடம், பிறகு ஆள் பெயர், பிறகு தொகை. இடம் என்றால் பெரும்பாலும் தோட்டத்தின் பெயர். அதுவும் வெள்ளைக்காரர் வைத்த பெயராக இல்லாமல், சீனி மில் தோட்டம், புதுத் தோட்டம் என்று நம் மக்கள் வழங்கிய பெயர். துரையின் ஏட்டில் இந்தப் பெயர்கள் இருக்கமாட்டா என்பதால், எது எந்தத் தோட்டம் என்று அத்தையிடம் கேட்டுக் கேட்டு ஒரு பட்டியல் போட்டுக்கொண்டேன். அந்தப் பட்டியல் பின்னர் காப்பகத்தில் எனக்குப் பெரிதும் கைகொடுத்தது. ஏழு பேருக்கு மட்டும் தோட்டப் பெயர் இருந்த இடத்தில் 'ஊர்' என்று எழுதியிருந்தது. எந்த ஊர் என்று கேட்டதற்கு அத்தை, 'நம்ம ஊர்தான், வேறு எந்த ஊர்? பெரியவரோடு ஒரே கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகள்' என்றார். அந்த ஏழு குடும்பங்களில் மூன்றின் வாரிசுகள் இன்றும் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வீட்டில் ஊர்ப் பெயரை மறக்காமல் வைத்திருந்தார்கள்.

அது மயிலம் அன்று. அதே வாரத்தில் கடிதக் கட்டிலிருந்தும் அந்த வீட்டார் சொன்ன பெயரே கிடைத்தது. 1958-இல் பாட்டனாருக்கு ஊரிலிருந்து பங்காளி ஒருவர் எழுதியது. 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கி, கிணறு தூர்வாரக் கொஞ்சம் பணம் அனுப்பினால் தேவலை என்று முடிகிற கடிதம். அனுப்பியவர் முகவரி அந்தக் காலத்து முறைப்படி கிராமம், போஸ்ட், திண்டிவனம் தாலுக்கா, தென்னாற்காடு ஜில்லா என்று நான்கு அடுக்காக இருந்தது. போஸ்ட் என்று எழுதியிருந்த பெயர் வேறு, கிராமத்தின் பெயர் வேறு. இந்த அடுக்குத்தான் எனக்கு வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் புதூர், நல்லூர், மேலூர் என்ற பெயர்களில் எத்தனை ஊர்கள் உண்டோ தெரியாது. தபால் ஆபீசும் தாலுக்காவும் சேர்ந்தால்தான் அது இன்ன ஊர் என்று சுட்டிக்காட்ட முடியும். 1972-க்குப் பிந்தைய கடிதம் கிடைப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அந்த ஆண்டில்தான் இந்தியாவில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு வந்தது, அதை வைத்து தபால் ஆபீசை உடனே கண்டுபிடித்துவிடலாம். அப்பா ஏன் மயிலம் என்றார் என்பதும் அப்போதுதான் விளங்கியது. மயிலத்தில் முருகன் கோயிலும் உண்டு, ரயில் நிலையமும் உண்டு. அயலாரிடம் ஊரைச் சொல்லும்போது அவர்களுக்குத் தெரிந்த பெரிய பெயரைச் சொல்வது எல்லாரும் செய்வதுதான். நான்கூடக் கோலாலம்பூரில் யாராவது கேட்டால் பினாங்கு என்றுதான் சொல்கிறேன்.

பழைய ஜில்லாப் பெயரை இன்றைய வரைபடத்தில் தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை. தென்னாற்காடு 1993-இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது; விழுப்புரத்திலிருந்து 2019-இல் கள்ளக்குறிச்சி பிரிந்தது. பழைய தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து 1991-இல் நாகப்பட்டினம், பின்னர் திருவாரூர், 2020-இல் மயிலாடுதுறை என்று பிரிந்துகொண்டே போயிற்று. தாலுக்காக்களும் அப்படியே, பழைய திண்டிவனம் தாலுக்காவில் இருந்த மரக்காணம் இன்று தனித் தாலுக்கா. தாத்தா சொன்ன ஜில்லாவில் அந்த ஊர் இல்லையே என்று பலர் தேடலைக் கைவிடுவது இதனால்தான்.

ஊர் கிடைத்ததும் நான் செய்த பிழையையும் சொல்லவேண்டும். சென்ற ஆண்டு திண்டிவனம் போய், வாடகை வண்டி வைத்துக்கொண்டு அந்தக் கிராமத்தில் இறங்கினேன். என் படிப்பறிவின் பெருமிதத்தில், பூட்டன் பெயரில் பட்டா, சிட்டா ஏதாவது இருந்ததா என்று முதல் வீட்டிலேயே கேட்டேன். தண்ணீர் கொடுத்தார்கள். அவ்வளவுதான். இரண்டாவது வீட்டில் கதவுகூட முழுதாகத் திறக்கவில்லை. மலேசியாவிலிருந்து ஒருவன் நான்கு தலைமுறைக்கு முந்தைய நிலத்தைப் பற்றி விசாரிக்கிறான் என்றால், பங்கு கேட்க வந்திருக்கிறான் என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்கள்? நிலப் பதிவேடு வழியாக வேரைத் தேடலாம் என்று சொல்கிறவர்கள் இந்த ஒன்றை யோசிப்பதில்லை.

மறுநாள் அத்தையைத் தொலைபேசியில் அழைத்தேன். 'குலதெய்வத்தைக் கேட்டாயா?' என்றார். எங்கள் தோட்டத்துக் கோயிலில் உள்ள சாமியை எல்லாரும் முனீஸ்வரன் என்றுதான் சொல்வார்கள். பெயர்ப் பலகையிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அத்தை தேங்காய் உடைக்கும்போது வாய்க்குள் முணுமுணுப்பது 'பச்சையம்மா தாயே, வாழ்முனி அப்பா' என்று. சிறு வயதிலிருந்து கேட்ட அந்த வரிக்குப் பொருள் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. ஆற்காட்டுப் பகுதிகளில் பச்சையம்மன் கோயிலுக்கு முன்னே வாழ்முனி, செம்முனி என்று பெரிய பெரிய முனிகள் சுதையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பட்டாவை விட்டுவிட்டு, பச்சையம்மனுக்குப் பொங்கல் வைக்க வந்திருக்கிறேன் என்று சொன்னேன். பானையும் அரிசியும் எங்கே வாங்குவது என்று காட்ட முந்தைய நாள் கதவைச் சாத்திய வீட்டிலிருந்தே ஒரு பெண் வந்தார். பொங்கல் வெந்துகொண்டிருக்கும்போது, கோயில் வரி கட்டும் பங்காளி வீடுகளை ஒரு பெரியவர் வரிசையாகச் சொன்னார். ஆள் இல்லாமல் போன கிளைகளையும் விடாமல் சொன்னார். ஏரிக்கரைப் பக்கம் உள்ள புன்செய் நிலம் ஒன்றுக்குப் 'பினாங்கான் கொல்லை' என்று இன்றும் பெயர் வழங்குவதை அப்போது அறிந்தேன்.

அந்தப் பினாங்கான் எங்கள் பூட்டன்தான் என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஏழு குடும்பங்கள் ஒரே கப்பலில் போன ஊரில் பினாங்குக்குப் போனவன் ஒருவன்தானா என்ன? கிளையும் குலதெய்வமும் கடிதத்தின் முகவரியும் ஒத்துப்போகின்றன. பூட்டனுடைய தகப்பன் பெயர் மட்டும் பெரியவர் சொன்னதிலும் அத்தை சொன்னதிலும் வெவ்வேறாக இருக்கிறது. காப்பகம் மறுபடியும் தேவைப்பட்டது இந்த இடத்தில்தான். கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் 1906-இல் முடிந்ததை ஒட்டிய ஆண்டுகளின் நிலப் பதிவுகளில் பூட்டன் பெயரை ஒத்த ஒரு பெயரைக் கண்டேன். தகப்பன் பெயர் எழுதப்படவில்லை. ஊரும் தோட்டத்தின் நாட்டுப் பெயரும் தெரிந்த பிறகு போனதால், முதல் ஆண்டில் மாதக்கணக்கில் புரட்டியதை இம்முறை இரண்டே நாளில் முடித்தேன். ஆகவே காப்பகத்துக்குப் போகவேண்டாம் என்பது என் கருத்தன்று. முதலில் போகவேண்டாம் என்பதே.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இந்த வரிசை பொருந்தாமல் போகலாம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக் குருமார் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்க உழவர்களைக் குடியமர்த்தினார்கள். அத்தகைய பங்குகளில் ஞானஸ்நான, திருமண ஏடுகள் பெற்றோர் பெயரோடும் ஞானப் பெற்றோர் பெயரோடும் எழுதப்பட்டன. நண்பர் ஒருவர் தம் குடும்பத்துப் பதிவின் நகலைக் காட்டினார், லத்தீனில் இருந்தது. எனக்கு அதில் நேரடி அனுபவம் இல்லை என்றாலும், அவர்கள் நிலையில் நான் இருந்தால் பங்குக் கோயிலில்தான் தொடங்குவேன். காசு வாங்கிக்கொண்டு தேடித்தரும் முகவர்களை நாங்கள் அமர்த்திப் பார்க்கவில்லை. எங்களிடம் விலை பேசிய இருவரும் முதலில் கேட்டது ஊரின் பெயரைத்தான்.

என் வழியில் உள்ள பெரிய ஓட்டை பெண்வழி. கல்யாணமானதும் பெண்ணின் குலதெய்வம் கணவன் வீட்டுத் தெய்வமாகிவிடுகிறது. கோயில் பெரியவர் சொன்ன பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. பூட்டியின் பெயர் அத்தைக்கே தெரியாது. எல்லாரும் ஆயா என்று கூப்பிட்டார்களாம். தாய்வழியாக மட்டும் இறங்கும் மரபணுவைத் தனியே சோதிக்கலாம் என்கிறாள் தங்கை மகள். அது பல ஆயிரம் ஆண்டுப் பழமையான தாய்க்கிளையைக் காட்டுமே ஒழிய, தாலுக்காவைக் காட்டாது. நான் மொய் நோட்டுக்கே திரும்பியிருக்கிறேன். 1959-இல் நடந்த அத்தையின் கல்யாண நோட்டில் முதல் வரி, முறைப்படி, தாய்மாமன் மொய்: 21 வெள்ளி, ஒரு பட்டுச் சேலை. அந்த வரியின் இடப் பெயர் பாகான் செராய்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றைக் குறிக்கிறது. தோட்டம் விற்கப்பட்டு வீடுகளாகிவிட்டது. தைப்பூசத்துக்கு அங்கிருந்து இன்னும் ஒரு காவடி வருவதாக அத்தை சொல்கிறார். அதோடு வருகிறவர்களிடம் கேட்கவேண்டும்.